இடுப்பு மூட்டு வலி: மாற்று அறுவை தேவைப்படும் கட்டத்தை எப்படி அறிவது?

தமிழில் இடுப்பு என்ற சொல்லுக்கு இடம் பல. 'இடுப்பு பிடித்துக்கொண்டது' என்பவர் கையை முதுகின் அடியில் வைக்கிறார். குடத்தை இடுப்பில் தூக்குபவர் பக்கவாட்டு எலும்பின் மேல் வைக்கிறார். 'இடுப்பு வலி கண்டுவிட்டது' என்றால் பிரசவத்துக்கு ஆட்டோ தேடுகிறார்கள். மாற்று அறுவை செய்யப்படும் இடுப்பு மூட்டு இந்த மூன்று இடத்திலும் இல்லை. தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் பொருந்திச் சுழல்கிற அந்த மூட்டு, தொடை இடுக்கு மடிப்புக்குப் பின்னால், தடித்த தசைகளுக்கு அடியில், விரலால் தொட்டறிய முடியாத ஆழத்தில் இருக்கிறது. இந்தச் சொற்குழப்பத்தால் முதுகுக்குத் தைலம் தேய்த்தே ஓரிரு ஆண்டுகளைக் கழித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே, அறுவை தேவையா என்று கேட்பதற்கு முன்னால், வலிப்பது அந்த மூட்டுதானா என்ற கேள்வியை முடித்துக்கொள்ள வேண்டும்.

வலி எங்கிருந்து வருகிறது?

இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். அங்கிருந்து தொடையின் முன்பக்கமாக இறங்கி முழங்கால் வரை வரும். சிலருக்குப் பிட்டத்திலும் உணரப்படும். வலிக்கும் இடத்தைக் காட்டச் சொன்னால், இத்தகையவர்கள் ஒரு விரலால் காட்டுவதில்லை. கட்டை விரல் பின்னாலும் மற்ற விரல்கள் தொடை இடுக்கிலுமாக, பக்கவாட்டில் கையைக் கவ்விப் பிடித்துக் காட்டுவார்கள். நோயாளி வாய் திறப்பதற்குள் கை சொல்லிவிடும் குறிப்பு இது.

ஏமாற்றுவது முழங்கால்தான். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் செல்லும் நரம்புகளில் சில பொதுவானவை என்பதால், இடுப்பு மூட்டு தேய்ந்தவருக்கு முழங்காலில் மட்டுமே வலி தெரிவது உண்டு. என் பெரியப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது முழங்கால் வலி என்று இரண்டு ஆண்டுகள் பிண்டத் தைலம் தேய்த்தார், முழங்கால் உறை மாட்டினார், ஒரு கிளினிக்கில் முழங்காலுக்குள் இரண்டு ஊசிகளும் போட்டுக்கொண்டார். முழங்கால் எக்ஸ்ரேயில் வயதுக்கு உரிய தேய்மானத்துக்கு மேல் எதுவும் இல்லை என்றே சொல்லி வந்தார்கள். இயன்முறை மருத்துவராகப் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கும், வெளியூரில் இருந்தபடி தொலைபேசியிலேயே கேட்டுக்கொண்டிருந்ததால், சந்தேகம் தோன்றவில்லை. கடைசியில் பார்த்த மருத்துவர் முழங்காலைத் தொடவே இல்லை. பெரியப்பாவைக் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்லி, தொடையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பாதத்தை மெல்ல வெளிப்பக்கமாக நகர்த்தினார். இடது கால் சுலபமாகப் போனது. வலது கால் கொஞ்சம் நகர்ந்ததுமே பெரியப்பா கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"ஐயா, கால் நகம் யாரு வெட்டி விடுறாங்க?"

"வீட்ல அவதான் சார். மூணு வருசமா."

இந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில், அதுவரை எடுத்த எல்லா முழங்கால் படங்களையும் விட அதிகம் சொல்லிவிட்டது.

மேலே சொன்ன சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பாதம் வெளியே போகும்போது தொடையெலும்பின் தலை கிண்ணத்துக்குள் உள்நோக்கிச் சுழல்கிறது. இடுப்பு மூட்டு கெடும்போது பொதுவாக முதலில் குறைவது இந்த அசைவுதான். இரண்டு கால்களையும் ஒப்பிட்டு, ஒன்றில் பாதம் தெளிவாகக் குறைவாக நகர்ந்து, அப்போது தொடை இடுக்கில் வலியும் வந்தால், மூட்டைச் சந்தேகிக்கலாம். இரண்டு பக்கமும் கெட்டிருந்தால் ஒப்பிடுவதற்கு நல்ல கால் இருக்காது என்பதை மறக்கக் கூடாது. வேகமாகவோ பலமாகவோ திருப்ப வேண்டாம். இடுப்பில் ஏற்கெனவே அறுவை செய்தவர்களும் அண்மையில் விழுந்தவர்களும் இதைச் செய்து பார்க்கவே கூடாது.

முதுகுத் தண்டிலிருந்து வரும் வலியின் போக்கு வேறு. அது பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலைத் தாண்டி, கெண்டைக்காலுக்கோ பாதத்துக்கோ போகும். மரத்துப்போதலும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். இடுப்பின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பின் மேல் விரல் வைத்து அழுத்தினால் வலிக்கிறது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்றால், பெரும்பாலும் அது வெளியில் உள்ள தசைநாண்களின் கோளாறு. அதற்கு மூட்டு மாற்று அறுவை தேவையில்லை, பயிற்சியே முதல் மருந்து. சிக்கல் எங்கே என்றால், அறுபதைக் கடந்த பலருக்கு முதுகிலும் தேய்மானம் இருக்கும், இடுப்பு மூட்டிலும் இருக்கும். எது எவ்வளவு வலிக்கு காரணம் என்று பிரித்தறிய, ஸ்கேன் பார்த்தபடியே மூட்டுக்குள் மரப்பு மருந்தைச் செலுத்தி, அடுத்த சில மணி நேரத்தில் வலி எவ்வளவு குறைகிறது என்று கவனிப்பார்கள். வலி பெரும்பகுதி அடங்கினால் குற்றவாளி மூட்டு. முதுகா, மூட்டா என்று இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால், இந்தச் சோதனை பற்றிக் கேட்கலாம்.

மூட்டு எதனால் கெட்டது?

காரணத்தை அறிவது, காத்திருக்கலாமா கூடாதா என்பதை மாற்றிவிடும். மேற்கு நாடுகளில் இடுப்பு மூட்டு மாற்றுக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர், மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்த முதியவர்கள். நம் ஊர் மருத்துவமனைகளின் வரிசையிலோ முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உள்ள ஆண்கள் கணிசமாக உட்கார்ந்திருப்பார்கள். இவர்களில் பலருக்கு வந்திருப்பது அவாஸ்குலர் நெக்ரோசிஸ். மருத்துவமனைப் பேச்சில் 'ஏவிஎன்'. தொடையெலும்பின் தலைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு உள்ளேயே செத்து, பிறகு உடலின் பாரம் தாங்காமல் நொறுங்கித் தட்டையாகிவிடுகிறது. ஸ்டீராய்டு மாத்திரைகளை அதிக அளவில் அல்லது நீண்ட நாள் எடுத்தவர்கள், மிகையாக மது அருந்துபவர்கள், தொடையெலும்பின் கழுத்து முறிந்தோ மூட்டு விலகியோ அடிபட்டவர்கள், அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் இதற்கு எளிதில் ஆளாகிறார்கள். ஆஸ்துமாவுக்கும் தோல் நோய்க்கும் 'உடனே கேட்கும்' என்று கடையில் வாங்கிய பெயர் தெரியாத மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருந்திருக்கக்கூடும் என்பதால், பழைய சீட்டுகளை மருத்துவரிடம் காட்டுவது பயனுள்ளது.

ஏவிஎன் விஷயத்தில் காலம் மிக முக்கியம். தலை உருண்டையாக இருக்கும் வரை, எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைப்பது போன்ற, மூட்டைக் காப்பாற்றும் வழிகள் உண்டு. தலை நொறுங்கிய பின் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடுகிறது. தொடக்க நிலை எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும். ஆகவே, ஸ்டீராய்டு அல்லது மது வரலாறு உள்ள ஒருவருக்குத் தொடை இடுக்கில் சில வாரங்களாக வலி இருந்து, எக்ஸ்ரே இயல்பு என்று வந்தால், அத்துடன் நிம்மதி அடையாமல் எம்ஆர்ஐ கேட்க வேண்டும். ஒரு பக்கம் வந்தவர்களில் பலருக்கு மறுபக்கமும் வருவதால், படம் இரண்டு இடுப்பையும் சேர்த்தே எடுக்கப்பட வேண்டும்.

முடக்குவாதம், இளம் ஆண்களின் முதுகை மூங்கில் போல் விறைக்கச் செய்யும் ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், குழந்தைப் பருவத்தில் சரியாகப் பொருந்தாமல் போன மூட்டு, பழைய சாலை விபத்தில் உடைந்த கிண்ணம், காசநோய் தாக்கிய மூட்டு ஆகியவையும் இதே முடிவுக்குக் கொண்டுவரலாம்.

வலியை விட, கைவிட்ட காரியங்களை எண்ணுங்கள்

பத்துக்கு எத்தனை வலி என்று மருத்துவமனையில் கேட்பார்கள். நம்மவர்கள் இதற்குச் சொல்லும் எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒருவர் பத்து என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போவார். இன்னொருவர் நான்கு என்று சொல்வார், விசாரித்தால் ஆறு மாதமாகக் கோயிலுக்குப் போகவில்லை என்று தெரியும். மனிதர்கள் வலியைக் குறைக்க வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொள்கிறார்கள். சுருக்கிய வாழ்க்கைக்குள் வலி நான்காகத்தான் இருக்கும். எனவே, ஓராண்டுக்கு முன் செய்துவந்து இப்போது விட்டுவிட்ட காரியங்களை ஒரு தாளில் எழுதுங்கள். நோயாளி எழுதுவதை விட, உடன் வாழ்பவர் எழுதினால் பட்டியல் நீளும்.

எங்கே தேடுவது? முதலில் தரை. சம்மணமிட்டு உட்காருவதற்கும் குந்தி உட்காருவதற்கும் இடுப்பு மூட்டு மிக அதிகமாக மடங்கித் திரும்ப வேண்டும் என்பதால், தரையில் புழங்கும் நம் வாழ்க்கையில் நோய் அங்கேதான் முதலில் தலைகாட்டும். பந்தியில் இலை போட்டுத் தரையில் உட்காருவதைத் தவிர்த்து மேசைப் பந்திக்குக் காத்திருப்பது, வாசலில் குந்திக் கோலம் போட்டவர் குனிந்தபடி போடத் தொடங்கியிருப்பது, தரைமட்டக் கழிப்பறைக்குப் பயந்து ஊர்ப் பயணத்தையே தவிர்ப்பது எல்லாம் குறிப்புகள். அடுத்து பாதம்: நகம் வெட்டுவது, மெட்டியைச் சரிசெய்வது, காலுறை மாட்டுவது, வார் வைத்த செருப்பை விட்டு நுழைத்துக்கொள்ளும் செருப்புக்கு மாறியது. பிறகு ஏறி இறங்குவது: பேருந்தின் முதல் படியில் எப்போதும் ஒரே காலை வைத்து ஏறுவது, இருசக்கர வண்டியில் காலைத் தூக்கிப் போட முடியாமல் பின்னிருக்கையில் ஒருபக்கமாக உட்காருவது, கால்சட்டை அணியக் கட்டிலில் அமர வேண்டியிருப்பது. கணவன் மனைவிக்கு இடையிலான உறவும் இடுப்பு மூட்டு வலியால் தடைபடும். மருத்துவரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை, சொன்னால் கணக்கில் சேரும்.

நடைக்குத் தனிக் கணக்கு வையுங்கள். 'கொஞ்ச தூரம் நடப்பேன்' என்பது அளவாகாது. வீட்டிலிருந்து நிற்காமல் எந்தக் கடை வரை போக முடிகிறது, திரும்பும்போது எங்கே நிற்கிறீர்கள் என்று குறித்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். பின்னால் நின்று ஒருவர் கைப்பேசியில் நடையைக் காணொளியாக எடுப்பது இன்னும் நல்லது. நோயுள்ள காலில் ஊன்றும்போதெல்லாம் உடல் அந்தப் பக்கம் சாய்ந்து ஆடினால், மூட்டைத் தாங்கும் பக்கவாட்டுத் தசைகள் தளர்ந்துவிட்டன அல்லது வலிக்குப் பயந்து உடல் பாரத்தைத் தள்ளிவைக்கிறது என்று பொருள். ஒரு கால் குட்டையாகிவிட்டதாகத் தோன்றுவதும், வேட்டியோ சேலையோ ஒருபக்கம் தரையைத் தொடுவதும், ஒரு செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்வதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திகள்.

இரண்டு அறிகுறிகளுக்கு நான் அதிக எடை கொடுப்பேன். ஒன்று, ஓய்விலும் தூக்கத்திலும் வரும் வலி. தேய்மானத்தின் தொடக்கத்தில் நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். புரண்டு படுக்கும்போதெல்லாம் விழிப்பு வந்து, வாரத்தில் பல இரவுகள் தூக்கம் கெடுகிறது என்றால் கட்டம் மாறிவிட்டது. இன்னொன்று மாத்திரைக் கணக்கு. கல்யாணத்துக்குப் போகும் அன்று ஒரு வலி மாத்திரை என்று இருந்தது, தினமும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஆகியிருந்தால், அறுவைக்குப் பயந்து சிறுநீரகத்தைப் பணயம் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவது, நன்றாகத் திட்டமிட்ட அறுவையை விட ஆபத்தாகிவிடக்கூடும்.

எக்ஸ்ரேக்கு எவ்வளவு மதிப்பு?

இரண்டு இடுப்பும் தெரியும்படி முன்பக்கமாக எடுத்த எக்ஸ்ரேயே பெரும்பாலும் போதும். எலும்புத் தலைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே கறுப்பாகத் தெரியும் இடைவெளி உண்மையில் வெற்றிடம் அல்ல; எக்ஸ்ரேயில் விழாத குருத்தெலும்பு அது. நல்ல மூட்டில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இருக்கும் அந்த இடைவெளி 2 மில்லிமீட்டருக்கும் கீழே போனால் கடுமையான தேய்மானம். எலும்பும் எலும்பும் ஒட்டிவிட்டால் இறுதி நிலை. விளிம்புகளில் முளைத்த எலும்புத் துருத்தல்கள், எலும்புக்குள் சிறு குமிழிகள், தலை தட்டையாகியிருப்பது ஆகியவற்றையும் பார்ப்பார்கள். 1957 முதல் புழக்கத்தில் இருக்கும் கெல்கிரன்-லாரன்ஸ் அளவுகோலில் இதை 0 முதல் 4 வரை தரம் பிரித்து எழுதுவார்கள்.

ஆனால் படத்துக்கு மட்டும் அறுவை செய்வதில்லை. நான்காம் தரத் தேய்மானத்தோடு வயலுக்குப் போய் வருபவர்கள் உண்டு. அவர்களுக்குப் படத்தைக் காட்டிப் பயமுறுத்தி அறுவைக்கு நாள் குறிப்பது நியாயமல்ல. அதேபோல, படம் ஓரளவு நன்றாக இருந்து வலி மட்டும் தாங்க முடியாததாக இருந்தால், அவசரப்பட்டு மூட்டை மாற்றுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சலாம். வலி வேறு இடத்திலிருந்து வந்துகொண்டிருக்கும். வலியின் இடம், சுருங்கிய வாழ்க்கை, கெட்ட படம் ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்லும்போதுதான் அறுவைப் பேச்சு நியாயமாகிறது.

அதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

தேய்மான வலிக்கு முறையான பயிற்சியை ஏறத்தாழ மூன்று மாதமாவது செய்து பார்க்க வேண்டும். முறையான என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன்: பத்து நாள் மின்சார ஒத்தடம் கொடுத்ததைப் பலர் பிசியோதெரபி எடுத்ததாகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். பிட்டத் தசைகளையும் தொடைத் தசைகளையும் வலுப்படுத்தும் பயிற்சிகளே பயிற்சி. பிறகு அறுவை நடந்தாலும் அந்தத் தசைகள் கைகொடுக்கும்.

எடையைக் குறைப்பதன் கணக்கு எளியது. ஒற்றைக் காலில் ஊன்றும் ஒவ்வொரு அடியிலும் இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பாரம் விழுகிறது. 70 கிலோ எடையுள்ளவரின் மூட்டு சுமார் 200 கிலோ தாங்குகிறது. ஐந்து கிலோ இறங்கினால் மூட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் இறக்கி வைத்தது போல.

கைத்தடியைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தில் ஏழு பேர் தடியை வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள் என்று சொன்னால், அது நான் வராந்தாவில் நின்று பார்த்த கணக்கு மட்டுமே. ஆனால் அந்தப் பழக்கம் தவறு. வலது இடுப்பு வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலும் தடியும் சேர்ந்தே முன்னால் போக வேண்டும். அப்போதுதான் பக்கவாட்டுத் தசைகள் இழுக்க வேண்டிய விசை குறைந்து மூட்டின் பாரம் இறங்கும். தடியின் பிடி, கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் உயரத்துக்கு வர வேண்டும். தடி பிடிக்க வெட்கப்பட்டு வாசலோடு நின்றுவிடுகிறவர்கள், அறுவைக்கு ஓராண்டு முன்பே தசைகளை இழந்துவிடுகிறார்கள்.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ இடைக்கால நிவாரணம் தரலாம். ஆனால் ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் அந்த மூட்டில் மாற்று அறுவை செய்தால் கிருமித்தொற்று வாய்ப்பு கூடுவதால், அறுவை நெருங்கும்போது ஊசியைத் தவிர்ப்பார்கள். குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் என்று விற்கப்படும் மாத்திரைகளும் பொடிகளும், எலும்போடு எலும்பு உரசும் மூட்டில் எதையும் வளர்ப்பதில்லை. அந்தப் பணத்தைக் கழிப்பறையில் ஒரு கைப்பிடி பொருத்தச் செலவிடலாம்.

இவற்றையெல்லாம் செய்து பார்த்த பின்னும் வாழ்க்கை சுருங்கிக்கொண்டே போகிறது, படமும் கெட்டிருக்கிறது என்றால், 'இன்னும் மூன்று மாதம் பயிற்சி செய்து வாருங்கள்' என்று சடங்குபோலத் தள்ளிப்போடத் தேவையில்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர்களும் மூட்டு மாற்று நிபுணர்களும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரவும் புகையிலையை விடவும் மட்டும் தள்ளிவைப்பதை அது ஏற்கிறது. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதல், வயதையோ உடல் பருமனையோ மட்டும் காட்டி ஒருவரை அறுவை நிபுணரிடம் அனுப்பாமல் இருக்கக் கூடாது என்கிறது.

வயதும் காத்திருப்பும்

'இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்' என்பது ஒரு வீட்டில். 'இவ்வளவு சின்ன வயசுல செஞ்சா மறுபடி மறுபடி செய்யணுமே' என்பது இன்னொரு வீட்டில். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அறுவை நிபுணர் ஜான் சார்ன்லி இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962-இல் உலோகத் தலையையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் சேர்த்துப் பொருத்தித் தொடங்கிவைத்த முறையின் வழித்தோன்றல்கள்தான் இன்றைய மூட்டுகள். 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்வின்படி, பொருத்தப்பட்ட இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடு 25 ஆண்டுகள் தாங்கியிருந்தன. அதே இதழின் 2017 ஆய்வில், எழுபது வயதுக்கு மேல் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டவர்களில் வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருந்த ஆண்களுக்கு அது 35 விழுக்காடு வரை போனது. இளையவர் முடிந்த வரை தள்ளிப்போட நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் நொறுங்கிய தலையோடு முப்பத்தைந்து வயதில் வேலையை இழந்து, வீட்டில் முடங்கி, மாத்திரையில் வாழ்வதைச் சேமிப்பாகக் கருத முடியாது. முதியவர்களைப் பொறுத்தவரை, தடை வயதில் இல்லை. இதயம், நுரையீரல், சிறுநீரகம் மயக்க மருந்தைத் தாங்குமா என்பதில் இருக்கிறது.

அளவுக்கு மீறிக் காத்திருப்பதற்கும் விலை உண்டு. தசைகள் மெலிகின்றன, மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகுகிறது, அதை ஈடுகட்ட முதுகு வளைகிறது, மற்ற காலின் முழங்கால் தேயத் தொடங்குகிறது. மிகவும் முடங்கிய பிறகு அறுவைக்கு வருபவர்களுக்கு வலி போகும், ஆனால் முன்னதாக வந்தவர்களின் அளவுக்கு நடை மீளாது.

காத்திருக்கவே கூடாத நிலைகள்

கீழே விழுந்த பின் காலை ஊன்ற முடியாமலோ, கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியோ கிடந்தால், அது எலும்பு முறிவாக இருக்கலாம். தைலம் தடவாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ச்சலோடு சேர்ந்த கடும் இடுப்பு மூட்டு வலி கிருமித்தொற்றாக இருக்கலாம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கு இரவிலும் விடாத புதிய வலி, காரணமில்லாத எடை இழப்பு, சிறுநீர் மலம் கட்டுப்பாடின்றிப் போதல், குழந்தைக்கு நொண்டல் ஆகிய எதையும் 'பார்க்கலாம்' என்று விடக் கூடாது. எலும்பு அடர்த்திக் குறைவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) அலெண்ட்ரோனேட் வகை மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுப்பவருக்குத் தொடையில் புதிதாக வலி வந்தால், தொடையெலும்பு முழுவதையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

அறுவை நிபுணரிடம் போகும்போது

கைவிட்ட காரியங்களின் பட்டியல், மாத்திரைக் கணக்கு, நடைக் காணொளி, பழைய படங்கள் ஆகியவற்றைக் கொண்டுபோனால் ஐந்து நிமிடச் சந்திப்பிலும் சரியான பேச்சு நடக்கும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, ஆறாத கால் புண் எதுவும் இருந்தால் முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும். அங்கிருந்து கிருமி ரத்தத்தின் வழியாகப் புதிய மூட்டில் போய் உட்காரலாம். எந்த வகை மூட்டு, ஏன் அது, ஆண்டுக்கு எத்தனை இடுப்பு மூட்டு அறுவைகள் செய்கிறீர்கள், மூட்டு விலகுதல், தொற்று, கால் நீள வேறுபாடு, ரத்த உறைவு ஆகியவற்றுக்கு என்ன ஏற்பாடு என்றெல்லாம் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பிறகு குந்தலாமா, சம்மணமிடலாமா, எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு அறுவை முறைக்கும் பதில் மாறும். வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை கட்டுவதை எதற்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது.

செலவுக்குப் பயந்து ஆலோசனைக்கே போகாமல் இருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த அறுவை நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இது இடம்பெறுகிறது. அட்டை இருக்கிறதா, அந்த மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்ததா என்பதை அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பொருத்தப்படும் மூட்டின் ஒவ்வொரு பாகத்தோடும் நிறுவனப் பெயரும் வரிசை எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு வரும். அதை மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது கேட்டு வாங்குங்கள். 2010-இல் டிப்யூ நிறுவனம் தன் ஏஎஸ்ஆர் வகை உலோக இடுப்பு மூட்டுகளை உலகெங்கும் திரும்பப் பெற்றபோது, அவற்றைப் பொருத்திக்கொண்டிருந்த இந்திய நோயாளிகளில் பலரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பெரியப்பா தன் ஒட்டுச்சீட்டுகளை ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, ரேஷன் அட்டை உறைக்குள் வைத்திருக்கிறார். ஒரு படம் எடுத்து என் கைப்பேசிக்கும் அனுப்பியிருக்கிறார்.